மிகிந்தலை மருந்துத் தொட்டியருகே

சித்திரைப் புத்தாண்டு கழிந்த மறுவாரம். கல்லூரி விடுமுறை இன்னும் முடியவில்லை. மிகிந்தலையைப் பார்க்கவேண்டுமென்று பிள்ளைகள் நெடுநாளாகக் கேட்டு வந்தமையால், ஒருநாள் அதிகாலையில் குடும்பத்துடன் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். வாகனத்தை ஓட்டி வந்தவர் எம்மிடம் கற்ற பழைய மாணவர். வவுனியாப் பக்கத்தில் வயல் செய்பவர். வயல்வேலை ஓய்ந்த காலத்தில் வாகனம் ஓட்டுபவர். சிங்களமும் நன்றாகப் பேசுவார். அவரும் வந்தது எமக்குப் பெருந்துணையாயிற்று.

ஆனையிறவில் பொழுது புலர்ந்தது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரை வணங்கித் தேங்காய் உடைத்தோம்; பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்தோம். வவுனியாவைக் கடந்து மதவாச்சியை அணுகியபோது வெயில் நெருப்பாய்க் காய்ந்தது. இளைய மகளின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிளம்பிவிட்டது. வியர்வை வெளிவரும் நுண்ணிய துவாரங்கள் அடைபடுவதால் உண்டாவது இது. இறுகிய சட்டையைக் களைந்து மெல்லிய பருத்திச் சட்டை அணிவித்து, ஈரத்துணியால் ஒற்றி, காற்றுப்படும்படி இருத்தியதும் குழந்தையின் சிணுங்கல் அடங்கியது.

வாசகர்களிடம் ஒன்றை ஒளிக்காமற் கூறிவிடுகிறோம். மகளுக்கு வைத்தியம் சொன்ன எமக்கும் ஒரு தோல்வியாதி இருந்தது. காற்சட்டையின் இடுப்புப்பட்டி படும் இடத்தில், வட்டமாக, ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்து ஓர் அரிப்புப் படர்ந்திருந்தது. படிப்பிக்கும் ஆசிரியர் இடுப்பைச் சொறிந்துகொண்டு நிற்பதா என்ற வெட்கத்தினால் அதனை எவருக்கும் காட்டவில்லை. ஒரு மருந்துக் கடைக்குச் சென்று, "அரிப்புக்கு ஏதாவது தாரும்" என்று மெல்லக் கேட்டு, கொடுத்த களிம்பைப் பூசி வந்தோம். மூன்று நாளிற் சிவப்பு மங்கியது, மகிழ்ந்தோம். மூன்று வாரத்தில் அது இரு உள்ளங்கையளவு பரந்துவிட்டது. மனைவியார் அவித்துத் தந்த வேப்பிலை நீர் சற்று ஆறுதல் தந்ததேயன்றி நோயை அசைக்கவில்லை.

இந்நிலையிலேதான் மிகிந்தலை வந்து சேர்ந்தோம். மலைப்படிகளின் அடிவாரத்தில் பழைய வைத்தியசாலையொன்றின் இடிபாடுகள் உள. ஒன்பதாம் நூற்றாண்டில் அரசாண்ட இரண்டாம் சேனன் இம்மலையில் ஒரு வைத்தியசாலை அமைத்தானென்று சூளவம்சம் கூறும். முற்றத்தைச் சூழ்ந்து சிறு சிறு அறைகளின் அத்திவாரங்கள் இன்றும் தெரிகின்றன. எல்லாவற்றிலும் எம் கண்ணைக் கவர்ந்தது அங்குள்ள மருந்துத் தொட்டியே. ஒற்றைக் கல்லை, மனிதன் ஒருவன் மல்லாந்து கிடக்கக்கூடியவாறு, தலை, தோள், உடல், கால் என்று வடிவாகக் குடைந்திருக்கிறார்கள். எண்ணெயும் மூலிகைச் சாறும் நிரப்பி நோயாளியை அதிலே கிடத்தினார்கள் என்பர்.

பிள்ளைகளுக்கு இதனை விளக்கிக்கொண்டிருக்கையில் எமது கை தன்னையறியாமல் இடுப்புக்குச் சென்றது. மனைவியார் கண்டுவிட்டார். "இந்தக் கல்லுக்குள்ளே கிடந்தவர்களுக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு ஏன்?" என்று கேட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அரசன் நோயாளருக்கென்று கல்லைக் குடைந்து வைத்திருக்க, கற்றறிந்த நாம் வைத்தியரிடம் போக நாணி நிற்கின்றோமே என்று எண்ணினோம். மறுமொழி சொல்ல எம்மிடம் ஒன்றுமிருக்கவில்லை. மலையேறுவதைப் பிற்போட்டோம். பிள்ளைகளின் முகம் வாடியது.

அண்மையிலிருந்த அரசாங்க வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவிலே துண்டு எடுத்துக்கொண்டு வரிசையில் அமர்ந்தோம். நம் நாட்டில் இதற்குப் பணம் கேட்பதில்லை. வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. மாணவர் மொழிபெயர்த்துச் சொல்ல, எத்தனை நாளாக இருக்கிறது, எப்போது அரிப்பு அதிகம், வீட்டில் வேறு யாருக்கும் உண்டா, என்ன பூசினீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நல்லவேளையாக அக்களிம்பும் மனைவியாரின் பையிலே இருந்தது. அதனை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

எமக்கு வந்திருந்தது படர்தாமரை. அது பூஞ்சணத்தால் உண்டாவது. நாம் பூசியதோ ஸ்டீரொய்ட் களிம்பு. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கிக் காட்டுமாம். உள்ளே பூஞ்சணம் தடையின்றி வளருமாம். பகைவனுக்குப் பாய் விரித்துக் கொடுத்தவர் நாமே! பூஞ்சணத்தைக் கொல்லும் வேறொரு களிம்பைத் தந்து, தழும்பு மறைந்த பின்னரும் இரண்டு வாரம் விடாது பூசவேண்டும், வியர்வையில் நனைந்த உடையை உடனே மாற்றவேண்டும், குளித்தபின் ஈரம் போகத் துடைக்கவேண்டும் என்றார்.

நாம் எழுந்து நன்றி கூறினோம். வைத்தியர் எம்மைப் பார்க்கவில்லை; துண்டை வாங்குவதற்கு நீட்டிய மாணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குச் சற்றுக் கீழே, கடலையளவில் ஒரு பரு. அதன் நடுவே காய்ந்த பொருக்கு.

"எத்தனை நாள்?" என்று வைத்தியர் கேட்டார்.

மாணவர் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். பின்னர் எம்மிடம், "நாலு மாதம் இருக்கும், சேர். வலியுமில்லை, அரிப்புமில்லை. வயற்காவலுக்குக் கொட்டிலில் படுத்தபோது ஏதோ பூச்சி கடித்திருக்கும்" என்றார்.

வலியும் அரிப்பும் இல்லையென்பதே வைத்தியரின் ஐயத்தை வலுவாக்கியது. அவர் சொன்ன பெயர் லீஷ்மேனியாசிஸ். தம் நோயைத் தாமே எமக்கு மொழிபெயர்க்க வேண்டியவரான மாணவரின் குரல் மெல்லத் தாழ்ந்தது. மணல் ஈ என்னும், நுளம்பிலும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் ஓர் ஒட்டுண்ணி தோலுட் புகுகின்றது. வாரங்களோ மாதங்களோ கழிந்து ஒரு பரு தோன்றும். கவனியாதுவிடில் அது மெல்ல மெல்லப் புண்ணாகிப் பெருகும். இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். 2008 முதல் இது சுகாதார அதிகாரிகளுக்குக் கட்டாயமாக அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்று. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை முதலிய மாவட்டங்களில் இது மிகுதி.

அநுராதபுரம் போதனா வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். வெளியே வந்ததும் மாணவர், "நாளைக்கு ஒரு ஹயர் இருக்குது, சேர். பிறகு பார்ப்பம்" என்று தயங்கினார். சற்று முன்னர்வரை நாம் சொல்லிக்கொண்டிருந்த அதே 'பிறகு'! "தம்பி, பிறகு என்று சொல்லித்தான் நாமும் இப்படி ஆனோம். நீர் வாரும்" என்று கையைப் பிடித்து அழைத்தோம். அன்றிரவு அநுராதபுரத்திலே தங்கி, மறுநாட் காலை அவருடன் சென்று வரிசையில் இருந்தோம். புண்ணின் ஓரத்தைச் சிறிது சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார்கள். ஐயம் உறுதியாயிற்று. புண்ணிலேயே மருந்தை ஊசிமூலம் ஏற்றும் சிகிச்சை வாரந்தோறும் நடந்தது.

வெப்பநாட்டில் வாழும் நமக்குத் தோலிலே ஏதாவதொன்று வருவது புதிதன்று. புதிதன்று என்பதனாலேயே அதனை அலட்சியம் செய்கிறோம். ஒன்றையொன்று ஒத்துத் தோன்றினும் அவை வெவ்வேறு நோய்கள். இரவில் அரிப்பு மிகுந்து விரலிடுக்குகளில் பொரிவது சிரங்காக இருக்கலாம். அப்படியாயின் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரேவேளையில் மருந்து பூசவேண்டும். நிறம் மங்கி உணர்ச்சியற்ற தேமலைத் தாமதியாமற் காட்டவேண்டும். அது தொழுநோயின் அறிகுறியாகலாம். தக்க மருந்தினால் முற்றாகக் குணமாவது அந்நோய். காய்ச்சலோடு சேர்ந்து செம்புள்ளிகள் தோன்றின், களிம்பு தேடாது அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். எங்கே போனாலும், முன்பு பூசிய மருந்தை மறவாது கையிலே கொண்டுசெல்லுங்கள். மொழி தெரியாத ஊராயின் மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

எமது படர்தாமரை மறைந்துவிட்டது. சில மாதங்களின் பின் மாணவர் எம் வீட்டுக்கு வந்து கையை நீட்டிக் காட்டினார். புண் ஆறி ஒரு சிறு வடு மட்டும் இருந்தது. அரிப்பினால் எம்மை அலைக்கழித்த நோய் சிறிது. அமைதியாக இருந்த அவருடைய நோயே பெரிது. எமக்கு மொழிபெயர்க்க வந்திராவிடில் அவர் அதனைக் காட்டியிருக்கவே மாட்டார்.

பிள்ளைகள் மிகிந்தலை மலையை இன்னும் ஏறவில்லை. அடுத்த விடுமுறையில் அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறோம். வாகனம் ஓட்டுபவர் அவரே.