பெயர்த்து வைத்த பண்ணைவீடு

தென் இங்கிலாந்தில், சிச்செஸ்டர் நகருக்கு வடக்கே, பசும்புல் போர்த்த குன்றுகளிடையே சிங்கிள்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்ச் சரிவொன்றில் நிற்கும் பேலீஃப் பண்ணைவீட்டைக் காண்போர், அது பிறந்த மண்ணிலேயே வேரூன்றி நிற்பதாகவே கருதுவர். யானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அது தோன்றியது கென்ட் மாவட்டத்துச் சிடிங்ஸ்டன் ஊரருகே. அங்கே பௌ பீச் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது இவ்வீடு அழிவை எதிர்நோக்கியது. ராய் ஆம்ஸ்ட்ராங் என்பாரின் முயற்சியால் உருவான திறந்தவெளி அருங்காட்சியகம் 1968-69ஆம் ஆண்டுகளில் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, பின்னர் இங்கு மீண்டும் நிறுவியது.

ஒரு வீட்டை எங்ஙனம் கழற்றி எடுத்துச் செல்வது என நீங்கள் வியக்கலாம். கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனதாயின் அது எளிதன்று. இவ்வீட்டின் பாரத்தைத் தாங்குவதோ சுவரன்று; ஓக் மரச்சட்டகமே. ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போற் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய துளையினுள் செலுத்தி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்கினர். வெட்டிய மரத்தை உலரவிடாமல் ஈரத்தோடேயே இழைத்தமையால், அது நாளடைவில் சற்றே முறுக்கி வளைந்தது. தூண்களின் கோணலுக்கு அதுவே காரணம். சட்டகத்தின் இடைவெளிகளில் மிலாறு பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசினர், அவ்வளவே சுவர்!

இத்தகைய வீடுகளைத் தச்சர்கள் முதலில் தம் பட்டறை முற்றத்திலேயே பொருத்திப் பார்த்து, மரந்தோறும் அடையாள எண்களைக் கீறி, பின்னர்ப் பிரித்து வண்டியிலேற்றிக் கட்டுமிடம் சேர்ப்பது வழக்கம். ஆகவே இருபதாம் நூற்றாண்டினர் செய்ததும், அப்பழந்தச்சர் செய்த வேலையையே மறுமுறை செய்ததாகும். மரத்தின் ஆண்டு வளையங்களை ஆய்ந்தோர், இவ்வீட்டின் பழைய பகுதி 1405க்கும் 1430க்கும் இடையே எழுந்ததெனக் கண்டனர். மேல்முனைப் பகுதி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தது.

உள்ளே நுழைந்தவுடன் கண் தானே மேல்நோக்குகிறது. தரையிலிருந்து கூரைமுகடுவரை தடையேதுமின்றித் திறந்து கிடக்கும் நடுக்கூடம் அது. தரை நடுவே வெறும் அடுப்புத்தளம், புகைபோக்கி இல்லை. நெருப்பின் புகை மேலெழுந்து கூரையெங்கும் உலவி, இடுக்குகள் வழியே மெல்ல வெளியேறும். நெடிய சாளரங்களில் கண்ணாடியும் இல்லை. நிற்கும் மரக்கம்பிகளும் அடைக்கும் மரக்கதவுகளுமே உண்டு. குளிரை அடைத்தால் வெளிச்சம் போயிற்று. வெளிச்சத்தை விரும்பினால் குளிரும் கூடவே வந்தது. பண்டைய வாழ்வை இனியதெனப் புகழ்வோர் அங்கே ஒரு குளிர்கால மாலையைக் கழித்துப் பார்க்கட்டும்!

கூடத்தின் இருபுறமும் மட்டும் மாடியறைகள் உள்ளன. அவை கீழ்த்தளச் சுவரைக் கடந்து முன்னே துருத்தி நிற்க, நடுச்சுவர் உள்வாங்கியிருக்கிறது. எனினும் ஒரே ஓட்டுக்கூரை மூன்றையும் மூடுகிறது. கென்ட், சசெக்ஸ் வட்டாரங்களின் சிறப்பான அமைப்பு இது. கீழ்முனையில் இரு சிற்றறைகள்: ஒன்று ரொட்டி முதலியவற்றுக்கு; பட்டரி எனப்படும் மற்றது பான மிடாக்களுக்கு. பெயரைக் கேட்டு வெண்ணெயைத் தேட வேண்டா. பீப்பாயைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. எதிர்முனையில் குடும்பத் தலைவருக்குரிய அறைகள். தலைவரின் மேசையும் கூடத்தின் அம்மேல்முனையிலேயே இடப்பட்டுள்ளது. யார் எங்கே அமர்வது என்பதை வீடே வகுத்துரைத்தது.

ஒரு குறை என் மனத்தை உறுத்திற்று. பின்வந்தோர் இவ்வீட்டில் புகைபோக்கி எழுப்பி, கூடத்தின் குறுக்கே மாடித்தளமும் அமைத்திருந்தனர். வீட்டை அதன் பழைய வடிவில் காட்டவேண்டி, அவற்றை இங்கு மீண்டும் அமைக்கவில்லை. புகையிலிருந்து விடுதலை பெற்ற தலைமுறையினரின் சுவடு அவ்வாறு நீங்கிவிட்டது. ஆயினும் அச்சேர்க்கைகளை வைத்திருந்தால் இந்த உயர்ந்த கூடத்தை நாம் கண்டிருக்க இயலாது. எது சரியென்று என்னால் துணிய முடியவில்லை.

புறப்படுமுன் மீண்டும் அண்ணாந்து நோக்கினேன். பழைய அடுப்பின் கரி, கூரைமரங்களில் இன்றும் கருமையாகப் படிந்திருக்கிறது.