முள்ளிவாய்க்காலிலிருந்து அறிவியல் நகருக்கு

ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம்தான் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதம் போர் முடிந்தது இங்கேதான். தம் உறவுகளை இந்த மணலில் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ! அந்த வீடுகளின் பிள்ளைகளும் இன்று உயர்தரப் பரீட்சை எழுதுகிறார்கள். தேறினால் எங்கே போவது?

பரந்தன் வீதியால் புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் கடந்து பரந்தன் சந்திக்கு வர வேண்டும். அங்கே தெற்கே திரும்பி, கிளிநொச்சி நகரையும் தாண்டினால் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இங்கேதான் இருக்கின்றன. பொறியியல், விவசாய பீடங்களின் கட்டடங்களுக்கு இந்திய அரசு நிதி உதவியது.

தாய் வளாகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம் அது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக அது தொடங்கியபோது, பேராசிரியர் க. கைலாசபதி தலைவரானார். விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில் நடந்தன. 1979 ஜனவரி முதல் தனிப் பல்கலைக்கழகம். முதல் துணைவேந்தர் சு. வித்தியானந்தன்.

விவசாய பீடத்தின் கதை வன்னியின் கதையேதான். 1990இல் கிளிநொச்சிக்கென்று உருவாகி, போரினால் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்து, போர் ஓய்ந்த பின்பே ஊர் திரும்பியது. அதே 1990இன் ஒக்டோபரில்தான் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பீடம் திரும்பியதுபோல் அவர்கள் எல்லோரும் திரும்பிவிடவில்லை.

நிர்வாகத்தையும் சொல்லிவிடுகிறேன். வேந்தர் பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவுக்குரியவர். அன்றாடப் பொறுப்பு துணைவேந்தருடையது. பேரவை அனுப்பும் மூன்று பெயர்களிலிருந்து ஜனாதிபதி அவரை நியமிக்கிறார். பாடத்திட்டமும் பரீட்சையும் மூதவையின் கையில். பீடத்துக்கொரு பீடாதிபதி. மாணவர் அனுமதியோ கொழும்பிலுள்ள மானியங்கள் ஆணைக்குழுவின் வேலை. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் நாடு தழுவிய திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. அதைக் குறைவென்று எண்ணாமல் உரிமையென்று கொள்வதே சரி.

படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு? மகாபொல உதவிப் பணம் ஓரளவுக்குத்தான் தாங்கும். மகளென்றால், “பக்கத்தில் கிடைத்தால் அனுப்பலாம்” என்று இழுக்கும் தாய் தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஒரு பீடம் இருப்பதன் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

திருநெல்வேலி வளாகத்திலும் முள்ளிவாய்க்கால் இருக்கிறது. மாணவர் எழுப்பிய நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தனர். மூன்றாம் நாள் துணைவேந்தரே மீண்டும் அடிக்கல் வைத்தார். அதே ஏப்ரலில் புதிய தூபி திறக்கப்பட்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில் வவுனியா வளாகமும் பிரிந்து தனிப் பல்கலைக்கழகமானது. மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது.