யாருடைய மலம் மருந்து?

நோயில்லாத ஒருவரின் மலத்தை உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது இன்று ஒரு சிகிச்சை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தருகிறார்கள், ஆசனவாய் வழியாகத் தருகிறார்கள், கேப்சூலில் அடைத்து விழுங்கவும் கொடுக்கிறார்கள். 1958இல் அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மேன் என்ற மருத்துவர் நான்கு பேருக்கு இதைச் செய்து எழுதி வைத்தார். நம் நாட்டில் லூதியானாவின் தயானந்த் மருத்துவக் கல்லூரியில் பெருங்குடல் புண் நோய்க்குச் செய்திருக்கிறார்கள். ஆம்பூர் பக்கத்துக் காலனியில் இதைச் சொன்னோம். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்: "அப்போ அத்த அள்றது யாரு?"

நாங்கள் இதைத் தேடிப் படித்ததற்குக் காரணம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அம்மா. மகனுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை, வேலூர் சிஎம்சியில் 1986 முதல் நடக்கிறது. இந்தப் பையனுக்குச் சென்னையில் வேறொரு மருத்துவமனையில் இடம் கிடைத்தது. சிகிச்சைக்கு முன் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதித்தபோது, மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா கிருமி குடலில் இருந்தது. அன்றிலிருந்து தனி அறை, தனிக் கழிப்பறை. உள்ளே வருகிறவர்கள் கையுறையும் மேலங்கியும் போட்டு வருகிறார்கள், போகும்போது கழற்றி எறிகிறார்கள். கதவில் ஓர் அட்டை. அந்த அம்மா போனில் கேட்டார்: "ஏம்மா, இங்கயும் நம்மள தொடமாட்டாங்களா?"

இது கிருமிக்காக வைத்த தனிமை என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. தனிக் குவளையைப் பார்த்தே வளர்ந்தவருக்கு இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். கதவில் தொங்கும் அட்டை சொல்லாது.

கிருமியின் ஆபத்து உண்மைதான். நலமாக இருப்பவர் குடலில் அது பேசாமல் கிடக்கும். ஸ்டெம் செல் மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் மருந்தில் வெள்ளணுக்கள் அழிந்து, குடலின் உட்சுவரும் புண்ணாகிவிடும். அப்போது கிருமி ரத்தத்தில் இறங்கினால், கொடுக்க மிச்சமிருக்கும் மருந்துகள் ஒன்றிரண்டுதான். அதற்கு முன்பே நல்ல பாக்டீரியாக்களைக் குடியேற்றிக் கெட்டதை விரட்டலாமா என்பதுதான் கேள்வி. போலந்தின் வார்சாவில் ரத்த நோயுள்ள 20 பேருக்குச் செய்து பார்த்ததில் 15 பேரின் குடலிலிருந்து அடங்காத கிருமி போய்விட்டது என்று 2017இல் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு. 2019இல் அமெரிக்காவில் நடந்தது வேறு. தானம் கொடுத்தவர் ஆரோக்கியமானவர், ஆனால் அவர் மலத்தில் இருந்த மருந்துக்கு அடங்காத ஈ.கோலியை யாரும் சோதிக்கவில்லை. இரண்டு பேருக்கு அது ரத்தத்தில் ஏறியது, ஒருவர் இறந்தார். இறந்தவர் ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர். பார்வைக்குச் சுத்தம் என்பதற்கு ஆய்வகத்தில் மதிப்பில்லை. (பஞ்சகவ்யம் குடித்துத் தீட்டுக் கழிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.)

இந்தக் கிருமிகள் எங்கே இருக்கின்றன? சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. பெயரில் டெல்லி வருகிறது என்று அரசு கோபித்துக்கொண்டது. அடுத்த வருடமே டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இல் அதே மரபணு கிடைத்தது.

அந்தத் தண்ணீரில் இறங்கி நிற்பவர் யார் என்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தால் 30 லட்சம் ரூபாய் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிரோடிருப்பவர் கணக்கில் வருவதில்லை. எங்களுக்குத் தெரிந்த தூய்மைப் பணியாளர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பஞ்சுக்குச்சிச் சோதனை நடந்ததில்லை.

பெரியவர் கேட்டதற்கு வருகிறோம். ஆய்வகத்தில் மலத்தைக் கலக்குபவர் பட்டம் படித்தவர், கையுறையோடு, மாதச் சம்பளத்துக்கு. அந்தப் பையனின் பெட்பேனைத் தினமும் எடுத்தவர் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆயாம்மா. மருத்துவர்கள் மேலங்கியோடு போன அறைக்குள் அவர் சேலையோடு போனதைப் பார்த்தோம். ஏன் என்று கேட்டோம். "ஸ்டாஃபுக்குத்தான் கணக்கும்மா" என்றார்.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கும் அதே மேலங்கி, அதே சோதனை, வீட்டுக்குப் போகுமுன் குளிக்க ஓர் அறை என்று கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மருத்துவமனைகளில் இந்த வேலை செய்கிற தோழர்கள், வேறு என்ன சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.