பிள்ளையக் குடு, நீ படு

சேனை வைக்க அப்பத்தா ஒரு சின்னத் தேன் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து ரெண்டு பஸ் மாறி, மடியில் முடிந்துகொண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் நல்ல மனுசர் ஒருத்தர் இனிப்புத் தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது கணக்கு. சேட்டை பண்ணுகிற பயலைப் பார்த்து, "எவன்டா உனக்குச் சேனை வச்சது?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். வாசலிலேயே நர்சம்மா மறித்துவிட்டார். ஒரு வயசு முடிகிறவரை தேன் ஆகவே ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து பிள்ளையின் நரம்பையே முடக்கிவிடும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் கொடுக்கணும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். அப்பத்தா எதிர்த்துப் பேசவில்லை. நர்சம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் வெறும் விரலைப் பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோய், தொடாமலே எடுத்துக்கொண்டு, "வச்சாச்சு" என்றாள். தேன் பாட்டிலை நான்தான் தீர்த்தேன்.

*

ரெண்டாம் நாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "பால் வருதா?" அம்மா கேட்டாள், அத்தை கேட்டாள், ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டிக்கொண்டே ஒன்றுவிட்ட பெரியப்பாவும் கேட்டார். பதில் சொல்லிச் சொல்லியே இருந்த கொஞ்சமும் வற்றிவிடும்போல இருந்தது. வயிற்றில் தையல் வேறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்தான். எழுந்து உட்காரவே இன்னொருத்தர் கை வேண்டும் என்கிற நேரத்தில் பிள்ளையை எப்படி மடியில் போடுவது?

பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருத்தி. மூன்றாவது பிள்ளை. நான் படுகிற பாட்டை அரை மணி நேரம் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கி வந்தாள். கேட்காமலேயே என் முதுகுக்குப் பின்னால் ரெண்டு தலையணையைத் திணித்தாள். காலுக்கு அடியில் பழக்கூடையைக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளையை என் விலாவோடு சேர்த்து, காலை முதுகுப் பக்கம் விட்டு, குடத்தை இடுப்பில் இடுக்குகிற மாதிரி இடுக்கிக் காட்டினாள். "காம்ப மட்டும் குடுத்தா புண்ணாத்தான் ஆகும். வாயப் பெருசாத் தொறக்கட்டும், கருப்பு பூராம் உள்ள போகணும்." அவ்வளவுதான். முதல் ஒன்றிரண்டு நாளைக்குத் தேக்கரண்டிக் கணக்கில் சீம்பால் இறங்கினாலே பிள்ளைக்குப் போதும் என்பதையும் அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

*

பத்தியம். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, மறுபடி பூண்டுக் குழம்பு. காலையில் வெறும் வயிற்றில் காய உருண்டை, தொண்டையில் தீப்பிடித்த மாதிரி இறங்கும். சுறாப் புட்டு மட்டும் எனக்கு நிஜமாகவே பிடித்தது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு உப்பும் என்று சொம்பை ஒளித்துவைத்ததை மன்னிக்கவே மாட்டேன். பால் கொடுக்கிறவளுக்கு எடுக்கிற தாகம் வெயிலில் நாற்று நட்டவளுக்குக்கூட எடுக்காது. ஆனாலும் இந்தப் பத்தியத்தின் மருந்து பூண்டில் இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். பத்தியத்தில் இருக்கிறவளிடம் நாற்பது நாளைக்கு யாரும் ஒரு காபிகூடப் போடச் சொல்வதில்லை. அதுதான் மருந்து.

*

குளிப்பாட்ட ஒரு ஆத்தா வருவாள். மதுரை செல்லூரில் காலையில் மூன்று வீடு, எங்கள் வீடு மூன்றாவது. மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, பிள்ளையைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் குப்புறப் போடுவாள். தண்ணீரின் சூட்டை முதலில் தன் முழங்கையில் பார்ப்பாள். எண்ணெய் தேய்க்கும்போது அந்தக் கை காட்டுகிற பக்குவத்தைப் பார்த்தால் நாமும் அப்படியே அந்தக் காலில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருக்கும். பிறகு சாம்பிராணி, கன்னத்தில் கரிப்பொட்டு.

ஆத்தாவோடு எனக்கு ரெண்டு சண்டை. ஒன்று, சளி வரட்டும் என்று மூக்கில் வாயை வைத்து ஊதுவது. இரண்டு, பிள்ளை அழுதால் "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டுவது. ரெண்டும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போனது. "இந்தத் தெருவுல பாதிப் பேரு என் கால்ல குளிச்சவங்கதான்" என்றாள். உண்மைதான், என் வீட்டுக்காரர் உட்பட. மறுநாள் ஊதவும் இல்லை, உருட்டவும் இல்லை. ஆனால் சாம்பிராணி போட்டு முடித்ததும் போகாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பிள்ளையக் குடு, நீ படு" என்றாள். பிள்ளை ஏற்கெனவே அவள் கையில்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் தூங்கினேன். அந்த மாசத்திலேயே நீளமான தூக்கம் அதுதான்.

*

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று ஒரு பேர். பொழுது சாய்ந்த பிறகு கடையில் "பேர் சொல்லாதது குடுங்க" என்றுதான் கேட்க வேண்டும். கையில் வளையல்போலக் கட்டியிருக்கிறோம், அழகாகத்தான் இருக்கிறது. உரசி வாயில் வைக்க விடவில்லை. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதில் அப்பத்தாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "மதுரை வெயிலுக்குமா?" என்கிறாள். மதுரை வெயிலுக்கும்தான். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே.

*

புதன்கிழமை சுகாதார நிலையத்தில் ஊசி. ஆறு, பத்து, பதினான்கு வாரம் என்று அட்டையில் போட்டிருக்கும், நம் வாயில் அது ஒன்றரை மாச ஊசி, ரெண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் போகச் சொல்வார்கள், பிள்ளைக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் பார்ப்பதற்கு. எனக்கு அந்த அரை மணி நேரம்தான் வேண்டியிருந்தது. வேப்பமர நிழலில் சிமெண்டு பெஞ்சு. பிள்ளைகள் எல்லாம் ஒரே வயசு, ஒரே அழுகை. காய்ச்சல் சொட்டு மருந்து எடைக்கு எத்தனை சொட்டு, யார் மாமியார் இன்னும் கிரைப் வாட்டர் ஊற்றுகிறார், யாருக்குத் தையல் பிரிந்தது, யாருக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, எல்லாம் அங்கேதான் பேச்சு. முடி கொட்டுவது நிறையப் பேருக்கு உண்டு, தானாகத் திரும்ப வளரும் என்று தெரிந்ததும் நான்கு பேர் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வயசு இருக்கும். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், பிடித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சில நேரம் இதக் கீழ போட்டுட்டு எங்கிட்டாவது போயிரலாம்னு தோணுதுக்கா." யாரும் பதறவில்லை. எங்களில் மூத்தவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "எனக்கு ரெண்டாவதுல தோணுச்சு. ஒரு மாசம் அழுதேன்" என்றாள். பிறகு அவளைச் சுகாதார நர்சிடம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் பத்து நாள், ரெண்டு வாரம் காரணமில்லாமல் கண்ணீர் வருவது நிறையப் பேருக்கு உண்டு, தானே வடிந்துவிடும். அதைத் தாண்டியும் தூக்கமும் பசியும் பிள்ளைமேல் ஒட்டுதலும் இல்லாமல் இருந்தால் அது நோய், வைத்தியம் உண்டு. 14416-க்கு எந்த நேரமும் கூப்பிட்டுப் பேசலாம், காசு கிடையாது. "பேய் அடிச்சிருக்கு", "கண்ணு பட்டிருக்கு" என்று கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைகிறவர்கள், பாண்டி கோயிலுக்குப் போகும்போதே ஒரு டாக்டரையும் பார்த்துவிட்டுப் போகலாம். பாண்டி முனி கோபித்துக்கொள்ள மாட்டார்.

*

வேப்பமரத்தடிப் பேச்சு வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு ஒரு வேலை செய்தது. ஊர்ப் பெண்களை மாசம் ஒருமுறை உட்காரவைத்து, படங்களையும் கதைகளையும் வைத்துப் பிரசவம், பச்சைப்பிள்ளை பற்றிப் பேசவிட்டார்கள். என்ன செய்யலாம் என்பதை அவர்களே முடிவெடுத்தார்கள். கூட்டத்தை நடத்தியதும் அந்தப் பக்கத்துப் பெண்தான். மூன்று வருசத்தில், கூட்டம் நடந்த ஊர்களில் பச்சைப்பிள்ளைச் சாவு மற்ற ஊர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மூன்றாம் வருசம் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. 2010-ல் லான்செட் இதழில் வந்தது.

கூடி உட்கார மதுரைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரதமர் வாஜ்பாயே யார் காலைத் தொட்டு வணங்கினாரோ, யார் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினாரோ, அந்தச் சின்னப்பிள்ளை அம்மா களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களை வளர்த்தது இந்த மண்ணில்தான். என் அம்மாவின் குழுக் கூட்டத்துக்குப் போனபோது பார்த்தேன்: கணக்கு நோட்டு ஒரு பாயில், பிள்ளைகள் இன்னொரு பாயில். கடன் தவணை பற்றிச் சத்தம் ஏறும்போதெல்லாம் யாரோ ஒருத்தியின் கை மட்டும் தனியாகப் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தது. தன் பிள்ளைதானா என்று அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

*

சித்தி மகளுக்கு ஏழரை மாசத்திலேயே பிரசவம். பிள்ளை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. நல்லவேளை, பெரியாஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. கொடுக்கிற தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, கறந்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறையவைத்து எடுத்துவைப்பார்கள். ஆசியாவிலேயே முதல் வங்கி மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் வந்தது. அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "அந்தக் காலத்துல அடுத்த வீட்டுக்காரி மடியில போட்டுக்குவா. இப்ப பிரிட்ஜ் குடுக்குது." என் சின்ன மாமாவே மூன்று வீட்டுப் பால் குடித்து வளர்ந்தவராம், அதனால்தான் அவருக்குத் தெருப்பூராவும் அக்கா தங்கச்சி.

அங்கே கங்காரு பராமரிப்பும் பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் கொலம்பியாவின் பொகோடா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல், பிள்ளையைத் தாயின் வெற்று நெஞ்சோடு கட்டிவைத்தார்கள், அப்படித் தொடங்கியது. சித்தி மகளின் வீட்டுக்காரர், கல்யாணத்திலேயே சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்ட மனுசர், நெஞ்சில் குருவிக்குஞ்சு மாதிரி பிள்ளையை ஒட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் அசையாமல் கிடந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தும் கையை எடுக்கவில்லை. சித்தி மகள் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

*

2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தையொட்டி, தமிழ்நாடு முழுக்கப் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தார்கள். நல்ல காரியம். போன மாசம் ஒரு பஸ் ஸ்டாண்டில் எனக்கு அவசரம். அறை இருந்தது, பூட்டும் இருந்தது, சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பிள்ளை அழுகிற அழுகையில் கண்டக்டர்களே திரும்பிப் பார்த்தார்கள். மல்லிகைப்பூக் கட்டிக்கொண்டிருந்த அக்கா தன் ஸ்டூலைச் சுவரோரம் தள்ளி என்னை உட்காரவைத்தாள். பூக்கூடைக்குப் பிடித்திருந்த குடையை எனக்குச் சாய்த்தாள். முறுக்கு விற்கிற அம்மாவும், யாரென்றே தெரியாத கல்லூரிப் பிள்ளை ஒன்றும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள். அக்காவின் விரல் நிற்கவேயில்லை, ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு பூ அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. ஒரு முழம் ஆனபோது பிள்ளை தூங்கியிருந்தது. அந்த முழத்தை வாங்கிக்கொண்டு காசு கொடுத்தேன். பூவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டாள்.

*

லீவு. அண்ணி அரசுப் பள்ளி ஆசிரியை, 2021-லிருந்து அவர்களுக்கு ஒரு வருசம். எனக்குத் தனியார் வேலை, 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம். மாடிவீட்டு மதினி ஜவுளிக்கடையில் நிற்கிறாள். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான். மூன்றாம் மாசமே வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விளக்குத்தூண் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் போய் வருகிறாள், பால் கொடுத்துக் கூட்டிவர.

*

ஒன்பதாம் மாசம் பிள்ளை கை தட்டுகிறது. சப்பாணிப் பருவம். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் வளர்ச்சி அட்டையைத்தான் பாட்டாக எழுதியிருக்கிறார்கள்: ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, பிறகு முத்தம், வருகை. குமரகுருபரர் மீனாட்சிக்கும் அப்படித்தான் பாடினார். ஊரை ஆள்கிறவளானாலும் தவழ்ந்துதான் வர வேண்டும். ஒரே ஒரு குறை: அந்தப் பாட்டுக்குள் தாய்க்கு எந்தப் பருவமும் கிடையாது.

*

நேற்று ராத்திரி கரண்டு போய்விட்டது. கத்திரி வெயில், சுவரைத் தொட்டால் சுடுகிறது. தெருவே படியில் வந்து உட்கார்ந்தது. வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணி தடவிய பிள்ளைகள் நான்கு, பனை விசிறி ரெண்டு. ஆத்தாவும் வந்திருந்தாள். விசிறி கை மாறியது, பிள்ளைகளும் கை மாறின. மாடிவீட்டு மதினி ஜவுளிக்கடைக் கதை சொன்னாள், சிரித்ததில் யாரும் நேரம் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்டு வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் என் மடியில் தூங்குவது மதினியின் பிள்ளை. என் பிள்ளை மூன்று படி தள்ளி ஆத்தாவின் நீட்டிய காலில், குளிப்பாட்டப் போட்ட மாதிரியே குப்புறக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஆத்தாவும் சுவரில் சாய்ந்து தூங்கியிருந்தாள். எழுப்ப மனசு வராமல் நாங்கள் ரெண்டு பேரும் விசிறியை எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம்.