மேட்டில் கிடைத்த அலை

கோபுரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் எழுவது திருக்கோயிலின் தோற்றமே. இன்று நாடெங்கும் வேறொரு கோபுரம் எழுந்து நிற்கின்றது. அதற்குச் சிற்பமும் இல்லை, கலசமும் இல்லை. ஆயினும், அந்த இரும்புக் கோபுரத்தின் அலை எட்டும் ஊர் உலகத்தோடு ஒட்டி வாழ்கின்றது. எட்டாத ஊர் ஒதுங்கிக் கிடக்கின்றது. இவ்வுண்மையை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. ஒரு மாணவனுக்கு இழைத்த பிழையின் வாயிலாகவே அறிந்தேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் அடைபட்டன. கற்றல் கற்பித்தல் இயங்கலைக்கு மாறியது. காலைதோறும் வருகைப் பட்டியலைப் பார்ப்பது என் கடமையாயிற்று. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் வெற்றிடமே இருந்தது. அவன் தந்தையைப் பன்முறை அழைத்தேன், தொடர்பு கிட்டவில்லை. மூன்று வாரம் பொறுத்தேன். பின்னர்ப் பதிவேட்டில் ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஜூன் மாதம் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின், அவன் வாழ்ந்த செம்பனைத் தோட்டத்திற்குச் சென்றேன். குன்றைச் சுற்றிச் செம்மண் சாலை திரும்பியதும் என் கைப்பேசியில் இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. தந்தை வாசலுக்கு ஓடி வந்தார்.

“மன்னிச்சிருங்க ஐயா, இங்க லைன் கிடைக்காதுங்க. வேலை முடிஞ்சு பையன மோட்டார்ல ஏத்திக்கிட்டு அந்த மேட்டுக்குப் போனாத்தான் ஒரு புள்ளி வரும். அதுக்குள்ள வகுப்பு முடிஞ்சிருது.”

சிறுவன் தன் ஏட்டை நீட்டினான். மாலைதோறும் மேட்டில் நின்று புலனத்தில் வந்த வினாக்களைப் பார்த்தெழுதி, விளக்கொளியில் விடை எழுதியிருந்தான். ஒரு நாள் பாடம்கூட விடுபடவில்லை. படம் பிடித்து அனுப்ப முயன்றபோதெல்லாம் அலை வலுவின்றி அறுந்துபோயிற்று என்றான். நான் தலை குனிந்தேன். அக்கறையின்மை எவரிடம் இருந்தது?

அதன் பின்னரே காரணத்தைத் தேடிப் படித்தேன். கைப்பேசி அலை பெரும்பாலும் ஒளியைப் போல் நேர்க்கோட்டில் செல்வது. குன்று குறுக்கிட்டால் மறைந்துவிடும். அடர்ந்த இலைகளும் அதன் வலுவைக் குறைக்கும். குறைந்த அதிர்வெண் அலை நெடுந்தொலைவு செல்லும். உயர்ந்த அதிர்வெண் அலை மிகுந்த தகவலைச் சுமந்தாலும் விரைவில் தளர்ந்துவிடும். கோபுரத்தை நாட்டிவிட்டால் மட்டும் போதாது. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்கம்பி எட்டாத இடத்தில் டீசல் இயந்திரமோ சூரிய ஒளித் தகடோ வேண்டும். அக்கோபுரத்தை நாட்டின் பெருவலையோடு இணைக்கக் கண்ணாடி இழையோ நுண்ணலையோ துணைக்கோளோ வேண்டும். இத்தனை செலவையும் சில குடும்பங்கள் செலுத்தும் கட்டணம் ஈடுசெய்வதில்லை. சரவாக் மாநிலம் பரப்பளவில் ஏறக்குறையத் தீபகற்பத்திற்கு நிகரானது. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 24 இலட்சம் பேரே. மக்கள் அருகிய நிலத்தில் வாணிகக் கணக்குத் தோற்றுப்போகின்றது. ஆகவேதான் அரசின் கை அங்கே தேவைப்படுகின்றது.

அதே ஜூன் மாதத்தில் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்து மாணவி ஒருவர், அலையை நாடி மரத்தின் மீதேறித் தேர்வு எழுதிய செய்தி நாட்டை உலுக்கியது. அவ்வாண்டே அரசாங்கம் ‘ஜெண்டேலா’ என்னும் திட்டத்தை அறிவித்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி அலை எட்டும் அளவை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காடாக உயர்த்துவது அதன் முதற்கட்ட இலக்காக இருந்தது. ‘ஜெண்டேலா’ என்றால் மலாய் மொழியில் சன்னல். அச்சொல்லும் நம் ‘சன்னல்’ என்னும் சொல்லும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த உடன்பிறப்புகள்! பெயர் பொருத்தமானதே. ஆயினும், எஞ்சிய 3.1 விழுக்காடு ஏட்டில் சிறிய எண்ணாகத் தோன்றலாம்; அதற்குள் வாழும் சிறுவனுக்கு அது நூற்றுக்கு நூறு. மேலும், அக்கணக்கு மக்கள் வாழும் பகுதிகளைக் குறிப்பதேயன்றி நாட்டின் முழு நிலத்தையும் குறிப்பதன்று. காட்டுச் சாலையில் வண்டி பழுதாகி நிற்பவனும், ஆற்று வழியே நோயாளியை ஏற்றிச் செல்பவனும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

அன்று மாலையே பதிவேட்டில் நான் எழுதிய வரியை அடித்து, ‘அலை எட்டாத இடம், மாணவன் முயற்சி போற்றத்தக்கது’ என்று திருத்தினேன். மீண்டும் பள்ளி மூடப்பட்ட காலங்களில் பயிற்சித் தாள்களை அச்சிட்டு, வாரந்தோறும் தோட்டத்துக் கோயில் வாசலில் சேர்ப்பித்தோம். இரும்புக் கோபுரம் செய்யாததைக் கற்கோபுரம் செய்தது.

ஆசிரியத் தோழர்களே! கருவிகள் வளரட்டும், அலைகள் பரவட்டும், அவை எட்டாத இடங்களுக்காக நாம் குரல் கொடுப்போம். ஆனால், மறுமொழி வராத மாணவனைச் சோம்பேறி என்று எழுதுமுன், ஒருமுறை அவன் வீட்டு வாசலில் நின்று நம் கைப்பேசியைப் பார்ப்போம்.