டோபியோடு செல்போர்ன் சாலையில்

ஓட்டுக்குள் இருக்கும் உயிர் இளைப்பது வெளியே தெரியாது. நாய் இளைத்தால் விலா எலும்பு தெரியும். நில ஆமையின் ஓடோ உள்ளே உடம்பு வற்றினாலும் அதே அளவில், அதே நிறத்தில் இருக்கும். அதனால் எங்கள் ஆமை டோபியைத் தூக்கியபோதுதான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. அந்த அளவு ஆமை கையில் கல்லைப்போலக் கனக்க வேண்டும். டோபி கனக்கவில்லை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஓட்டின் நீளம் 20 செ.மீ., எடை 1,180 கிராம்.

தென் இங்கிலாந்தில் லூயிஸ் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி, முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் டோபியை எங்களிடம் ஒப்படைத்தார். அவருடைய சிறுவயதில் அப்பா கடையில் வாங்கித் தந்த ஆமை அது. அந்தக் காலத்தில் மொராக்கோ, துருக்கி, யூகோஸ்லாவியா நாடுகளின் வெயில் மலைச்சரிவுகளில் பிடித்த ஆமைகள் பெட்டி பெட்டியாக பிரிட்டனுக்கு வந்து இறங்கின. பலவும் முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. 1984இல்தான் அந்த இறக்குமதிக்குத் தடை வந்தது. டோபி பிழைத்துக் கிடந்த சிலவற்றுள் ஒன்று. அதைக் கொடுத்தபோது மூதாட்டி சொன்னது ஒன்றுதான்: “என் பிள்ளைகளைவிட மூத்தவன் இவன். பார்த்துக்கொள்ளுங்கள்.”

வசந்தம் வந்து குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்த டோபி எதையும் தின்னவில்லை. தோட்டத்தில் பூத்த டான்டலையனை வாயருகே வைத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. உள்ளூர் கால்நடை மருத்துவர் நேர்மையான மனிதர். “நான் பார்ப்பது பெரும்பாலும் நாயும் பூனையும்தான். இதற்கு ஊர்வனவற்றை அறிந்தவர் வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்” என்றார். ராயல் காலேஜ் ஆஃப் வெட்டர்னரி சர்ஜன்ஸ் அமைப்பின் சிறப்பு மருத்துவர் பட்டியலைத் தேடியபோது, எங்களுக்குத் தோதாகக் கிடைத்தவர் ஹாம்ப்ஷயரில் ஆல்டன் நகரத்துக்கு அப்பால் இருந்தார்.

மூடியில் துளையிட்ட பெட்டி, அடியில் மடித்த துண்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி, உள்ளே ஒரு வெப்பமானி. அவ்வளவுதான் ஏற்பாடு. ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வழியில் குளிர்ந்தால் நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். அதனால் என் மனைவி பெட்டியை மடியில் வைத்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏ27 சாலையில் வலப்பக்கம் சவுத் டவுன்ஸ் குன்றுகள் கூடவே வந்தன. ஆரண்டல் கோட்டை, சிசெஸ்டர் தேவாலயத்தின் கூர்ந்த கோபுரம் எல்லாம் கடந்துபோயின. பீட்டர்ஸ்ஃபீல்டைத் தாண்டிப் பெரிய சாலையை விட்டிறங்கி, செல்போர்ன் கிராமம் வழியாக ஆல்டனை நோக்கிப் போனோம்.

மருத்துவர் முதலில் செய்தது எடை பார்த்ததும் ஓட்டை நேர்கோட்டில் அளந்ததும்தான். ஆலிஃபண்ட் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் மத்தியதரைக்கடல் ஆமைகளின் நீளத்தையும் எடையையும் ஒப்பிட்டு ஒரு வரைபடம் தந்திருக்கிறார். டோபியின் புள்ளி அதில் ஆரோக்கியக் கோட்டுக்கு நன்றாகக் கீழே விழுந்தது. பிறகு வாயைத் திறந்து காட்டினார். உள்ளே நாக்கின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் தயிர் படிந்தாற்போல ஒரு படலம். வாய்ப்புண். தின்ன மறுத்தது அடம் அல்ல, வலி.

எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருந்தது. அது பெரிய ஆறுதல். ஆமைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. சரியாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாததால் நிமோனியா வந்தால் மீள்வது கடினம். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறியிருந்தது. உடம்பு நீரின்றி வறண்டிருந்ததன் அடையாளம் அது.

“பசியோடு இருக்கிறதே என்று உடனே ஊட்டத் தோன்றும். ஊட்டாதீர்கள்” என்றார் மருத்துவர். “முதலில் சூடு. அடுத்து நீர். கடைசியில்தான் உணவு.” குளிர்ந்த குடலில் உணவு செரிக்காமல் அழுகும். வறண்ட உடம்பில் சிறுநீரகம் கழிவைத் தாங்காது. இந்த வரிசையை மாற்றினால் அன்பே கேடாகிவிடும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. டோபியை மயக்கத்தில் வைத்துக் கழுத்தின் பக்கவாட்டில் உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் பொருத்த வேண்டியிருந்தது. புண்பட்ட வாயைத் தினமும் வலிந்து திறக்காமலே மருந்தும் உணவும் செலுத்த அதுதான் வழி. டோபியை அங்கேயே விட்டுவிட்டு, காலிப் பெட்டியோடு திரும்பினோம்.

திரும்பும் வழியில் செல்போர்னில் இறங்கினோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் வைட், தன் ஊரின் பறவையையும் புழுவையும் பருவத்தையும் குறித்துவைத்து உலகப் புகழ் பெற்றவர். 1789இல் வெளிவந்த அவருடைய செல்போர்ன் நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. அவரிடமும் டிமதி என்ற நில ஆமை இருந்தது. அது வந்த ஊர் எங்கள் லூயிஸுக்கு அருகில் உள்ள ரிங்மர். அங்கே அவருடைய அத்தை ரெபெக்கா ஸ்னூக் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அதை வளர்த்தார். 1780இல் அத்தை இறந்ததும், மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த டிமதியை வைட் தோண்டியெடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, 80 மைல் குதிரை வண்டியில் இங்கே கொண்டுவந்தார். குலுக்கலில் விழித்த டிமதி தோட்டத்தின் கோடிவரை இருமுறை நடந்துவிட்டு, மாலைக் குளிரில் மறுபடி மண்ணுக்குள் புகுந்துகொண்டதாம்.

அருங்காட்சியகமாக இருக்கும் அவருடைய வீட்டுத் தோட்டத்தில் நின்றோம். எதிரே பீச் மரங்கள் தளிர்விட்ட சரிவு. வைட் டிமதியைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்தார். எப்போது உறங்கப் போனது, எப்போது எழுந்தது, எதை விரும்பித் தின்றது என்றெல்லாம் எழுதினார். 1793இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு டிமதியும் இறந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஓட்டை ஆராய்ந்த பிறகுதான் டிமதி பெண் என்று தெரிந்தது. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் இல்லாத காலத்தில், விடாமல் பார்ப்பதும் எழுதுவதுமே ஒருவர் ஆமைக்குச் செய்யக்கூடிய மருத்துவமாக இருந்தது.

கழுத்துக் குழாயோடு டோபி வீடு திரும்பியது. குழாயின் மறுமுனை ஓட்டின்மேல் பட்டையால் ஒட்டப்பட்டிருந்தது. பகலில் விளக்கின் கீழ் 30 டிகிரிக்கு மேல் சூடு, கூடவே புற ஊதா விளக்கு. இரவிலும் அறை குளிரக் கூடாது. தினமும் தாடையளவு ஆழத்தில் வெதுவெதுப்பான நீரில் நிற்கவைத்தோம். தொடக்கத்தில் வெறுமனே நின்ற டோபி, ஒருநாள் தலையை நீரில் அமிழ்த்திக் குடித்தது; தொண்டை அசைவதை நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். மருத்துவர் தந்த மருந்தை ஊசியில் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டோம், எப்போதும் முன்னங்காலில்தான். பின்பாதியில் போட்டால் மருந்து உடம்பெங்கும் பரவுமுன் சிறுநீரகத்துக்குப் போய்விடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். குழைத்த தாவரத் தூளைச் சிரிஞ்சில் மிக மெதுவாகச் செலுத்தினோம்.

எடை உடனே ஏறவில்லை. முதலில் ஏறியது நீரின் எடைதான். அதன்பின் கொஞ்சம் இறங்கி, அப்புறம் மெல்ல ஏறத் தொடங்கியது. கோடை வந்தபோது டோபி புல்வெளியில் தானே நடந்துபோய் ஒரு டான்டலையன் இலையைக் கடித்து இழுத்தது. குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஆமை வளர்க்க நினைப்பவர் முதலில் அதை அறிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். ஆமையைப் பிறகு தேடலாம். அடுத்து ஒரு தராசும் ஒரு நோட்டும் வாங்க வேண்டும். ஆமை முனகாது, குரைக்காது. மாதாமாதம் எழுதும் எடைதான் அது நம்மிடம் பேசும் மொழி. டோபியின் எடையும் பரிசோதனை முடிவுகளும் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் இப்போது ஒரே நோட்டில் இருக்கின்றன. எங்கள் காலத்துக்குப் பிறகு டோபி யாரிடம் போக வேண்டும் என்பதையும் அதில் எழுதி, அவரிடமே சம்மதம் கேட்டிருக்கிறோம். ஒரு வாழ்நாளைத் தாண்டி வாழும் உயிரை ஏற்றுக்கொள்பவர், அடுத்து வருபவருக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறார்.