கடன் மட்டும் அக்கா பேரில்

கஜா புயலுக்கு (2018) அடுத்த பட்டத்தில், கடல்நீர் ஏறிய வேதாரண்யம் பக்கத்து வயல்களுக்குக் குழியடிச்சான் விதைநெல் கொண்டு போனோம். உவர் தாங்கும் ரகம். "இது எங்க மாமியா காலத்து நெல்லுல்ல தம்பி" என்றார் ஓர் அக்கா. நொச்சி இலை போட்டு விதை காப்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாங்கள் சொல்லிக்கொடுக்க அதிகமில்லை.

சிக்கல் வேறு. தெளிப்பதும் களையெடுப்பதும் அறுப்பதும் அக்காதான். பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பட்டாவோ திருப்பூருக்கு வேலைக்குப் போன கணவர் பேரில். மழை தப்பும் காலத்தில் ரகம் மாற்றிப் பார்க்கத் துணிவு வேண்டும். விளையாவிட்டால் இழப்பீடு தன் கைக்கு வரும் என்றிருந்தால்தானே அந்தத் துணிவு வரும்?

"வெதைக்க வாங்குன குழுக்கடன் மட்டும் எம்பேர்லதான் தம்பி" என்றார்.